பசு அடித்த மணி

எல்லாளனின் நீதியைக் கூறும் கதையைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஈழத்தில் அரியர். பாளி மொழியில் எழுந்த மகாவமிசம் அதனைச் சுருங்கச் சொல்கின்றது. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்ட அம்மன்னன், நீதி வேண்டி வருவோர் அடிப்பதற்கென, நீண்ட கயிற்றோடு கூடிய மணியொன்றைத் தன் படுக்கையின் தலைமாட்டிற் கட்டுவித்திருந்தான். அவனுடைய ஒரே மகன் தேரூர்ந்து செல்கையில், வழியிலே தாயோடு படுத்துக்கிடந்த கன்றொன்றின் கழுத்திற் சக்கரம் ஏறியது. தாய்ப்பசு வந்து கயிற்றை இழுத்தது. மன்னன் தன் மகனை அதே சக்கரத்தாற் கொல்வித்தான். சிலப்பதிகாரமும் சோழன் ஒருவனோடு தொடர்புபடுத்தி இம்மணியையும் பசுவையும் குறிக்கின்றது. பெரியபுராணம் திருவாரூரைக் களமாகக் கொண்டு இதனை மனுநீதிச் சோழன் கதையாக விரிக்கின்றது.

இந்நூல்கள் யாவும் மன்னனையே உற்று நோக்குகின்றன. பசுவை நோக்குவார் இல்லை. ஆயின், சற்றே ஆறியிருந்து எண்ணுமிடத்து, மன்னன் செயலினும் பசுவின் செயலே பெரிய அதிசயம் என்பது புலனாகும். கன்று இனி எழாது என்று உணர்தல் ஒன்று. அதற்குக் காரணமானவன் இன்னான் என்று அறிதல் இரண்டு. அவனைத் தண்டிக்க வல்ல வேறொருவன் அரண்மனையில் உளன் என்று தெளிதல் மூன்று. கயிற்றை இழுத்தால் மணி ஒலிக்கும், ஒலித்தால் அவன் எழுவான், எழுந்தால் வினவுவான், வினவினால் நீதி செய்வான் என இன்னும் நிகழாத நான்கு நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக மனக்கண்ணிற் காணுதல் நான்கு. சட்டபீடத்து முதலாண்டு மாணவர்க்கும் இவ்வளவு தெளிவு எளிதில் வாய்ப்பதில்லை. சிந்தனை, தீர்மானம், கற்பனை எனும் மூன்றும் பசுவின் அந்த ஓர் இழுப்பில் அடங்கிவிட்டன.

ஐயுறவாளன் ஒருவன் அங்கு நின்றிருப்பின் வேறு விதமாக உரைத்திருப்பான். பசு கயிற்றை வைக்கோற்புரி எனக் கருதிக் கடித்திழுத்திருக்கலாம். கழுத்துத் தினவு தீர அதில் உராய்ந்திருக்கலாம். மீதியெல்லாம் அரண்மனையார் கட்டியவை என்று அவன் சொல்வான். அவன் கூற்றை இலகுவிற் புறக்கணித்தல் இயலாது.

மகாவமிசம் இக்கதையை அடுத்து வேறொரு கதையையும் கூறுகின்றது. பனையொன்றில் இருந்த பறவைக் குஞ்சைப் பாம்பொன்று விழுங்கிவிட்டது. தாய்ப்பறவை வந்து மணியை அடித்தது. மன்னன் பாம்பைக் கொணர்வித்து, அதன் வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுப்பித்து, பாம்பை அம்மரத்திலே தொங்கவிடுவித்தான். பறவையின் வழக்குக் கேட்கப்பட்டது. பாம்பின் வழக்கைக் கேட்டவர் யார்? கயிற்றை இழுப்பதற்குப் பாம்புக்குக் கையும் இல்லை, அலகும் இல்லை. பசித்தது, உண்டேன் என்னும் அதன் ஒரே வாதம் அவையேறவில்லை. மணியடிக்க வல்ல உயிருக்கு மனம் உண்டு, மாட்டாத உயிருக்கு வயிறு மட்டுமே உண்டு என்னும் தீர்ப்பொன்று, நீதிக்குப் பெயர்போன அந்த அவையிலேயே எவரும் அறியாமல் எழுதப்பட்டுவிட்டது. விலங்குகளின் மனத்தைப் பற்றிப் பிற்காலத்தில் மனிதன் நிகழ்த்திய விசாரணைகளிலும் பெரும்பாலும் இதுவே நிகழ்ந்தது. கயிறு எட்டிய விலங்கு அறிவுடையது எனப்பட்டது. எட்டாதது அறிவற்றது எனப்பட்டது. கயிற்றின் நீளத்தை அளந்தவர் சிலரே.

தமிழிலக்கண மரபு இவ்விடயத்திற் சற்று நிதானமாகவே நடந்துகொண்டது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுக்கின்றது. புல்லும் மரமும் ஊற்றுணர்வு ஒன்றே உடையன. நத்தையின் இனத்துக்குச் சுவை கூடுகின்றது. சிதலுக்கும் எறும்புக்கும் நாற்றமும், நண்டுக்கும் தும்பிக்கும் பார்வையும், விலங்குகளுக்குக் கேள்வியும் கூடுகின்றன. ஆறாவதாகிய மனம் மக்களுக்கே உரியது. இவ்வளவோடு நின்றிருப்பின், மனிதன் தன்னைத் தானே உச்சப்படியில் ஏற்றிக்கொண்ட மற்றுமொரு பட்டியலாகவே அது அமைந்திருக்கும். ஆனால் அக்கிளையைச் சார்ந்த பிறவும் உள என்னும் ஒரு விலக்கும் அங்கு உண்டு. விலங்குகளுள் ஒரு சாரனவும் அதில் அடங்கும் எனக் கொண்ட உரைமரபு கிளி, குரங்கு, யானை என்பவற்றை எடுத்துக்காட்டுகின்றது. கதவைச் சாத்திய பின்னரும் தாழிடாது விட்ட அப்பெருந்தன்மை போற்றற்குரியது.

ஐரோப்பாவிலோ கதவு ஒரு காலத்தில் தாழிடப்பட்டேயிருந்தது. 1637இல் வெளியான தம் நூலில் டேக்கார்ட் விலங்குகளை நுட்பமாகச் செய்யப்பட்ட பொறிகளுக்கு ஒப்பிட்டார். அவருக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த மொந்தேஞ், தாம் பூனையோடு விளையாடுகையில் யார் யாரை வைத்துப் பொழுதுபோக்குகின்றனர் என்னும் ஐயத்தை எழுப்பியிருந்தார். பூனை வளர்ப்போர் யாவர்க்கும் அந்த ஐயம் இன்றும் உண்டு. எனினும் தத்துவ உலகம் பூனையின் பக்கம் சாயாது பொறியின் பக்கமே நெடுங்காலம் சாய்ந்திருந்தது.

இந்நிலையை அசைத்தவர் டார்வின். 1871இல் வெளிவந்த ‘மனிதனின் வழித்தோற்றம்’ எனும் நூலில், மனிதனின் மனத்துக்கும் உயர்விலங்குகளின் மனத்துக்கும் உள்ள வேறுபாடு அளவினாலாயது, இனத்தினாலாயதன்று என அவர் வாதித்தார். அந்நூலில் அவருடைய நாயொன்றும் வருகின்றது. வெப்பமான ஒரு நாளில் அந்த நாய் புற்றரையிற் படுத்திருந்தது. சிறிது தூரத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்த வெயிற்குடை, காற்று வீசும் போதெல்லாம் அசைந்தது. குடையருகே ஆளொருவர் நின்றிருப்பின் நாய் அதனைப் பொருட்படுத்தியிராது. ஆளில்லாத குடை தானே அசைந்தபோதெல்லாம் அது சீறி உறுமியது. காணும் காரணமில்லாத அசைவு, காணாத ஒருவனின் வரவைக் காட்டுகின்றது என நாய் தன்னையறியாமலே எண்ணியிருக்க வேண்டும் என்பது டார்வினின் விளக்கம். ஆவிகளில் மனிதன் கொண்ட நம்பிக்கைக்கும் இதற்கும் தொடர்புண்டு என அவர் கருதினார். இரவில் வடலிக்கூடலைக் கடந்து செல்கையில் ஓலை சலசலக்கக் கேட்டு நடையைத் துரிதப்படுத்துவோர் அந்த நாயைத் தம் உறவினராக ஏற்றுக்கொள்வதில் தயக்கங்காட்ட வேண்டியதில்லை.

தாழ் திறந்தவுடன் கூட்டம் முட்டிமோதிக்கொண்டு உள்ளே புகுந்தது. டார்வினின் இளம் நண்பரான றோமேன்ஸ் 1882இல் வெளியிட்ட ‘விலங்கறிவு’ எனும் நூல், நாய் பூனை குரங்குகளின் சாமர்த்தியங்கள் பற்றிப் பலர் அனுப்பிய செய்திகளால் நிரம்பியது. பசுவின் இழுப்பில் நான்கு படிச் சிந்தனையைக் காணும் மனப்பாங்கு அது. இதற்குக் கடிவாளமிட்டவர் லொயிட் மோர்கன். ஒரு செயலைக் கீழ்ப்படியிலுள்ள ஆற்றலொன்றால் விளக்கக்கூடுமாயின், மேற்படியிலுள்ள ஆற்றலை அதற்குக் கற்பித்தல் ஆகாது என 1894இல் அவர் விதி வகுத்தார். அவருடைய நாய் ரொனி, வீட்டு வாயிலின் கொளுவியைத் தலையாற் கிளப்பித் திறந்துகொண்டு தெருவுக்கு ஓட வல்லது. வழியிற் செல்வோர் அதனைப் பேரறிவு என்றிருப்பர். கம்பிகளுக்கிடையே தலையை அங்குமிங்கும் நீட்டியதில் ஒருநாள் தற்செயலாகக் கொளுவி கிளம்பியதையும், பின்னர் அச்செயல் மெல்ல மெல்லப் பழக்கமாகியதையும் மோர்கன் அறிந்திருந்தார். வைக்கோற்புரிக் கதையைச் சொன்ன ஐயுறவாளனுக்கு அறிவியல் அவையில் ஆசனம் கிடைத்தது.

அவ்வாசனத்தின் அவசியத்தை உலகுக்கு உணர்த்தியது ஒரு குதிரை. பேர்லினில் ஓய்வுபெற்ற ஆசிரியரான வில்ஹெல்ம் வொன் ஒஸ்டன் தம் குதிரை ஹான்சுக்குக் கணிதம் கற்பித்தார். கூட்டல், கழித்தல், பின்னம், நாட்காட்டி என எதைக் கேட்பினும் அது குளம்பினால் நிலத்தைத் தட்டி விடை கூறியது. 1904இல் உளவியலாளர் ஸ்டும்ப் தலைமையிலான குழுவொன்று ஆராய்ந்து, மோசடி ஏதும் இல்லை என்றது. பின்னர் ஒஸ்கார் புங்ஸ்ட் பொறுமையாகச் சோதித்தார். வினவுவோருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. வினவுவோரைக் காண முடியாதபடி அதன் கண்களை மறைத்தபோதும் தெரியவில்லை. தட்டல்கள் சரியான எண்ணிக்கையை எட்டும்போது வினவுவோரின் தலையும் உடலும் அவர்களே அறியாத வகையில் மிகச் சிறிதாக அசைந்தன. குதிரை அதனைக் கண்டு நிறுத்தியது. 1907இல் புங்ஸ்ட் இதனை வெளியிட்டார்.

அன்றிலிருந்து ஹான்சின் கதை எச்சரிக்கைப் பாடமாகவே சொல்லப்பட்டு வருகின்றது. அப்பாடம் முற்றிலும் நியாயமானதே. ஆயினும் குதிரையின் பக்கம் நின்று நோக்கின் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. கற்றறிந்த பெரியோர் பலர் தம் தலை அசைவதைத் தாமே அறியாது நின்றனர். ஒருவர் தலையசைவை மற்றொருவரும் அறிந்திலர். அத்தனை பேரின் உள்ளத்தையும் ஒரு குதிரை படித்துக்கொண்டு நின்றது. குழுவினர் அதனிடம் வினவியது கணக்கு. அதற்கு வந்த பாடம் மனித இயல்பு. கணிதத்திற் சித்தியெய்தாத அந்த மாணவன், எவரும் வினாத்தாள் தயாரிக்காத வேறொரு பாடத்தில் அதிவிசேட சித்தி பெற்றிருந்தான்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. விலங்கின் மனத்தை அறிய முனைவோர் இருவகையில் வழுவலாம். தம் மனத்தை அதற்கு இரவல் கொடுத்தல் ஒன்று. தம் மனம் போன்றது அதனிடம் இல்லையெனக் கண்டு, மனமே இல்லையெனத் தீர்த்தல் மற்றொன்று. இரண்டிலும் அளவுகோல் மனிதனே. விலங்கு தன் இயல்போடு விடையளிக்கக்கூடிய வினாவைக் கண்டுபிடித்தலே மூன்றாவது வழி. அவ்வாறு வினவப்பட்ட இடங்களிலெல்லாம் விடைகள் வியப்பூட்டுவனவாக இருந்திருக்கின்றன.

தீர்மானம் என்பதை எடுத்துக்கொள்ளலாம். சமதூரத்தில் வைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று வேறுபாடற்ற இரு வைக்கோற் குவியல்களுக்கு நடுவே எதனைத் தேர்வதெனத் தெரியாது பட்டினியால் இறக்கும் கழுதையைத் தத்துவ மாணவர் அறிவர். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சு அறிஞர் பூரிடானின் பெயரால் அது வழங்குகின்றது. அவருடைய நூல்களில் அக்கழுதை இல்லை. உண்மையான கழுதை ஏதும் அவ்வாறு இறந்ததில்லை என்பதில் ஐயமில்லை. விருப்பப் பாடத்தைத் தெரிவுசெய்யும் இறுதி நாளில் பல்கலைக்கழகப் பதிவாளரின் கந்தோர் வாயிலில் அத்தகைய கழுதைகளைக் காணலாம் என எவரேனும் கூறின், அது கழுதைக்கு இழைக்கும் அநீதியாகும்.

எலி எவ்வாறு தீர்மானிக்கின்றது என்பது இதனினும் சுவையானது. சிக்கல்வழியொன்றின் சந்தியில் எலியை விட்டால், சில வேளைகளில் அது நின்று, இடப்புறம் ஒருமுறையும் வலப்புறம் ஒருமுறையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். கலிபோர்னியாவில் எட்வேட் டொல்மன் இந்தத் தயக்கத்தைப் பொருளுடையதாகக் கருதினார். எலியின் தலைக்குள் இடத்தின் வரைபடமொன்று உண்டு என 1948இல் அவர் எழுதியபோது அதனை மிகைக்கூற்று என எண்ணியோர் பலர். ஆனால் 1971இல் ஜோன் ஓகீஃபும் அவர் மாணவரும், எலி ஒரு குறித்த இடத்தில் நிற்கும்போது மட்டும் இயங்கும் மூளைக் கலங்களைக் கண்டறிந்து வெளியிட்டனர். 2014இல் ஓகீஃபுக்கும், அத்துறையை மேலும் வளர்த்த மோசர் இணையர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2007இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன்சன், றெடிஷ் என்போர் சந்தியில் தயங்கி நிற்கும் எலியின் அக்கலங்களைக் கவனித்தனர். எலியின் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மூளையிலோ முதலில் ஒரு வழிக்குரிய கலங்கள் வரிசையாக இயங்கின. பின்னர் மற்ற வழிக்குரியவை இயங்கின. நடவாமலே இரு வழியையும் நடந்து பார்த்து அது தீர்மானித்தது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எலிகள் இடத்தை விட்டு அசையாமலே தொலைவிலுள்ள இடமொன்றைத் தம் மூளையில் விரும்பி எழுப்ப வல்லன எனக் காட்டப்பட்டது. கற்பனை என்பது இதுவன்றேல், அச்சொல்லுக்கு வேறு பொருள் தேட வேண்டும்.

தனி உயிரின் தீர்மானம் இவ்வாறாயின், கூட்டத்தின் தீர்மானத்தைத் தேனீயிடம் காணலாம். ஐரோப்பியத் தேனீக் குடியொன்று பெருகிப் பிரியும்போது, பழைய இராணியும் பல்லாயிரம் தேனீக்களும் மரக்கிளையொன்றிற் கொத்தாகத் தொங்க, சில நூறு ஒற்றர்கள் புதிய பொந்து தேடிப் புறப்படுகின்றன. 1949இல் மியூனிக் நகரில் மாட்டின் லின்டவர் இத்தகைய கொத்தொன்றைக் கண்டார். அதன்மேல் நடனமாடிய தேனீக்களிற் சிலவற்றில் புகைக்கரியும், சிலவற்றில் செங்கற்றூளும், சிலவற்றில் மாவும் படிந்திருந்தன. உணவு தேடிய தேனீக்களாயின் மகரந்தமன்றோ படிந்திருக்க வேண்டும்! போரினால் இடிந்த நகரில் வீடு தேடித் திரிந்த தேனீக்கள் அவை. மனிதரும் அந்நகரில் அப்போது வீடு தேடிக்கொண்டுதான் இருந்தனர்.

பிற்காலத்தில் தொமஸ் சீலி இவ்வாய்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். நல்ல பொந்தைக் கண்ட ஒற்றன் திரும்பி வந்து பலமுறை ஆடுகின்றது. சுமாரானதைக் கண்டது சிலமுறையே ஆடுகின்றது. ஆட்டத்தின் கோணம் திசையையும், அதன் நேரம் தூரத்தையும் தெரிவிக்கின்றன. பிற ஒற்றர்கள் அதனை அப்படியே நம்பிவிடாது தாமே சென்று பார்த்து வந்த பின்னரே ஆடுகின்றன. எவ்வளவு சிறந்த இடத்தைக் கண்டதாயினும், ஒவ்வொரு ஒற்றனும் திரும்பி வருந்தோறும் ஆட்டத்தைக் குறைத்து ஈற்றில் நிறுத்திவிடுகின்றது. மாற்றிடத்தை ஆதரிப்பவை ஆடுபவற்றைத் தலையால் முட்டி ஒலியெழுப்பி நிறுத்த முயல்வதும் உண்டு. ஓர் இடத்திற் போதிய ஒற்றர்கள் ஒரே வேளையிற் கூடியதும், அதாவது கூட்ட நடப்பெண் நிறைந்ததும், குடி முழுவதும் புறப்படுகின்றது. இராணிக்கு இதில் வாக்கில்லை. பெரும்பாலும் கிடைத்தவற்றுட் சிறந்த இடமே தெரிவாகின்றது. நேரிற் சென்று பாராது எதனையும் ஆதரித்தல் இல்லை. தன் முன்மொழிவை இறுதிவரை பிடித்துக்கொண்டிருத்தலும் இல்லை. சங்கங்களின் பொதுக்கூட்டங்களுக்கு இவ்விரு விதிகளையும் பிரேரிப்பவர் அவற்றை ஏகமனதாக நிறைவேற்றிவிடுவார் என எதிர்பார்த்தல் கூடாது.

நாளையைப் பற்றிய எண்ணம் மனிதனுக்கே உரியது என்பது நெடுங்காலம் காக்கப்பட்ட மற்றொரு வேலி. 2007இல் கேம்பிரிட்ஜில் நிக்கொலா கிளேற்றனும் உடன் ஆய்வாளரும் காகக் குடும்பத்துப் பறவைகள் சிலவற்றை மாறி மாறி இரு அறைகளில் இரவு கழியவிட்டனர். ஓர் அறையிற் காலையுணவு கிடைக்கும், மற்றையதிற் கிடையாது. பின்னர் ஒரு மாலையில், மறைத்துவைப்பதற்கு ஏற்ற விதைகளை எதிர்பாராத வகையிற் கொடுத்தனர். காலையுணவு கிடையாத அறையிலேயே அவை அதிக விதைகளை மறைத்துவைத்தன. எந்த அறையில் விடியும் என்பது தெரியாத நிலையில், பசியோடு விடியக்கூடிய அறைக்கு முன்கூட்டியே கட்டுச்சோறு அனுப்பிய அச்செயல், விடுதி வாழ்வை அறிந்தோரின் நெஞ்சைத் தொடாமற் போகாது.

சுவீடனின் ஃபுருவிக் விலங்குச்சாலையில் வாழ்ந்த சன்டினோ எனும் ஆண் சிம்பன்சியின் திட்டங்கள் இவ்வளவு சாதுவானவையல்ல. பார்வையாளர் வருமுன், காலை அமைதியில், அது கற்களைப் பொறுக்கிப் பார்வையாளர் பக்கமாகக் குவித்துவைத்தது. செயற்கைப் பாறையைத் தட்டிப் பார்த்து, தளர்ந்த சீமெந்துத் துண்டுகளைப் பெயர்த்தும் சேர்த்தது. மணிக்கணக்கில் கழித்து, கூட்டம் கூடியபின் எறிந்தது. லுண்ட் பல்கலைக்கழகத்தின் மத்தியாஸ் ஒஸ்வாத் இதனை 2009இல் வெளியிட்டார். கற்குவியலைக் கண்ட பார்வையாளர் பின்வாங்கத் தொடங்கியதும், சன்டினோ கற்களை வைக்கோலின் அடியில் மறைத்துவைத்து, ஒன்றுமறியாதது போல் நின்றதையும் 2012இல் அவர் எழுதினார். எதிர்காலத்தைத் திட்டமிடும் விலங்கு என அதன் புகழ் உலகெங்கும் பரவியது. 2022 டிசெம்பரில் அவ்விலங்குச்சாலையின் சிம்பன்சிகள் சில அடைப்பிலிருந்து வெளியேறின. அவற்றுட் சில சுட்டுக் கொல்லப்பட்டன. சன்டினோவும் அவற்றுள் ஒன்று. மனம் உண்டு என நிறுவுதலும், அம்மனத்தோடு எவ்வாறு வாழ்வது என அறிதலும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று தேவையில்லை.

வௌவாலாக இருத்தல் எத்தகைய அனுபவம் என்பதை வௌவாலின் மூளையை அறிவதனால் மட்டும் அறிந்துவிட முடியாது என 1974இல் தொமஸ் நேகல் வாதித்தார். அது உண்மையாகலாம். ஆனால் அயல் வீட்டாரின் உள்ளத்தையும் முற்றிலும் அறிந்தவர் இலர். அதன்பொருட்டு அவர் வேலியைப் பற்றிய வழக்கை எவரும் விசாரியாது விடுவதில்லை. இலங்கையில் இவ்வழக்கு உண்மையிலேயே வேலி வழக்காகிவிட்டது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்துள் குரங்கொன்று புகுந்தமையே காரணம் என வலுசக்தி அமைச்சர் அறிவித்தார். சிலர் சிரித்தனர், சிலர் சினந்தனர். மின்னமைப்பின் பலவீனங்கள் பற்றிப் பலர் பேசினர். குரங்கின் வாக்குமூலம் மட்டும் பதியப்படவில்லை. அடுத்த மாதம் 15ஆம் திகதி காலையில், பயிரழிக்கும் குரங்கு, மயில், அணில் முதலியவற்றை ஐந்து நிமிடத்தில் எண்ணும் கணக்கெடுப்பு நாடெங்கும் நடந்தது. எத்தனை என்பது கேட்கப்பட்டது. ஏன் என்பது எண்ணிக்கையில் அடங்குவதன்று. காடு சுருங்கிய இடத்தில், யன்னல்களுக்குப் பின்னால் சோறு இருப்பதை அறிந்துகொண்ட குரங்கு, எந்த யன்னலின் கொளுவி பழுது என்பதையும் அறிந்துகொள்கின்றது. பேராதனை விடுதிகளில் வாழ்ந்தோர்க்கு இதற்கு மேற்கோள் தேவையில்லை.

யானையின் வழக்கு இதனினும் பாரதூரமானது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். பயிரழிக்கும் யானையைப் பிடித்து, பாரவூர்தியில் ஏற்றி, தொலைவிலுள்ள தேசிய வனத்தில் விட்டுவிட்டால் பிரச்சினை தீரும் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 2012இல் பிருதிவிராஜ் பெர்ணாந்துவும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு, அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட பன்னிரண்டு ஆண் யானைகள் கழுத்துப்பட்டியிற் பொருத்தப்பட்ட செய்மதிக் கருவிகளைக் கொண்டு பின்தொடரப்பட்டதைக் கூறுகின்றது. சில புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தன. சில பல திசைகளிலும் அலைந்தன. சில மட்டும் விட்ட இடத்தின் அயலில் தங்கின. மனிதர் வரைந்த வனவெல்லையை அவை தம் எல்லையாக ஏற்கவில்லை. மோதல் தீராது புதிய ஊர்களுக்கும் பரவியது. யானைகளும் கூடுதலாக மாண்டன. இடமாற்றக் கட்டளை கிடைத்த உத்தியோகத்தர்கள் போன்றே அவையும் நடந்துகொண்டன: சில மேன்முறையீடு செய்தன, சில கடமையேற்கவில்லை, சில பணிந்தன.

மின்வேலியின் கதையும் இத்தகையதே. கம்பி சுடும், கம்பம் சுடாது என்பதைக் கண்ட யானை கம்பத்தைக் காலால் உதைத்துச் சாய்க்கின்றது. தந்தம் மின்னைக் கடத்தாது என்பதைக் கண்ட கொம்பன் அதனாலேயே கம்பியை அறுக்கின்றது. இவை யாவும் மோர்கனின் நாயைப் போலத் தற்செயலிற் கற்றவையாகவும் இருக்கலாம். கற்றுவிட்டன என்பதே வேலியிடுவோர் கவனிக்க வேண்டியது. பூசணிக்காயினுள் மறைத்துவைத்த வெடிமருந்தை மாத்திரம் எந்த யானையும் இருமுறை கற்பதில்லை. வாய் சிதைந்து, உண்ணவும் பருகவும் இயலாது நாட்கணக்கில் நின்று சாகும் அவ்விலங்கு எதை நினைக்கின்றது என்பதை அறிவியல் இன்னும் அளக்கவில்லை. அளந்த பின்னரே இரங்க வேண்டும் என்ற நியதியும் இல்லை.

இங்கே கமக்காரனின் வழக்கையும் கேட்க வேண்டும். வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அறுவடைக்கு முந்திய இரவுகளைக் காவற்பரணிற் கழிப்பவனுக்கு யானையின் கற்பனை பற்றிய விரிவுரை உதவாது. ஒரே இரவில் ஒரு போகத்தை இழந்தவனும், வேலியோரத்தில் உறவினரை இழந்தவளும் பசுவைப் போன்றே கயிற்றை இழுத்து நிற்பவர்கள். அவர்களுக்கும் அது பெரும்பாலும் எட்டுவதில்லை.

இரு திறத்தாரையும் கேட்டு எழுந்த முயற்சி ஒன்றுண்டு. காட்டின் நிருவாக எல்லையிலே வேலியிட்டு யானையை உள்ளே அடைக்க முயலாது, ஊரையும் வயலையும் சுற்றி வேலியிடுதல் அது. வயல்வேலி விதைப்புக்கு முன்னே நாட்டப்படும்; அறுவடை முடிந்ததும் அகற்றப்படும். பின்னர் யானைகள் வந்து அரிதாளையும் புல்லையும் மேய்ந்து செல்லலாம். வேலியைப் பேணுவோர் அதனாற் பயன்பெறும் கமக்காரரே. காவல் உள்ள வேலியில் மோதிச் சுடுபடுவதா, சில வாரங்கள் பொறுத்திருந்து திறந்த வயலில் மேய்வதா என்னும் வினாவே இங்கு யானையிடம் விடப்படுகின்றது. அது யானைக்கு விளங்கக்கூடிய வினா. இத்தகைய வேலிகள் அமைந்த இடங்களில் யானைகள் பெரும்பாலும் பொறுத்திருக்கின்றன.

எல்லாளன் மணியைக் கட்டுவித்தபோது பசுவை எண்ணியிருப்பான் எனக் கொள்ளக் காரணமில்லை. கயிறு நீண்டிருந்தது, அதனாற் பசுவுக்கும் எட்டியது. பசு உண்மையில் நீதியை நினைந்து இழுத்ததோ, வைக்கோல் என நினைந்து இழுத்ததோ, அதனை இனி அறிய வழியில்லை. மணி ஒலித்தபோது மன்னன் எழுந்து வந்து பசுவைப் பார்த்தான் என்பதே கதை. வினாவைப் பிழையாகக் கேட்டுவிட்டு விடையைக் கொண்டு விலங்கை மட்டிடும் வழக்கம் அநுராதபுரத்தோடு முடிந்துவிடவில்லை. அடுத்த முறை யானையையோ குரங்கையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்துமுன், பனைமரத்திலே தொங்கிய பாம்பை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் தகும்.